தேவசகாயத்தோட நீலக் கோட்டு

சிஷ்யருக்கு வயசு நாப்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. அந்த ஆபீஸ்ல அது ஒரு குத்தமும் இல்ல.

ஆபீஸ் சென்னையில. மத்த கம்பெனிகளுக்குப் போயி, எங்க கோளாறு, எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லிக் காசு வாங்கற கன்சல்டிங் ஆபீஸ். குரு பேரு அங்கயற்கண்ணி, அங்க பார்ட்னர். சிஷ்யர் பேரு தேவசகாயம். தூத்துக்குடியில மீன் ஏத்துமதி பண்ற கம்பெனியோட குளிர் கிடங்குல பல வருசம் வேலை பாத்துட்டு, சாயங்காலக் காலேஜ்ல எம்.பி.ஏ. முடிச்சு, லேட்டா வந்து சேந்தவரு. குளிருன்னா அவரத்தான் கூப்பிடுவாங்க. பழைய கம்பெனியில குடுத்த, பஞ்சு வெச்ச நீலக் கோட்டு ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு. அவர் எங்க போனாலும் அதுவும் கூட வரும்.

ஈரோட்டுக்குப் போற காலை ரயில்ல அவர் கேட்டாரு.

"மேடம், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"யாருக்கு?"

"எச்.ஆருக்கு. குளிர் கிடங்கு ஸ்பெஷலிஸ்டாவே இருந்துடறீங்களா, இல்ல எல்லா வேலையும் பாக்கற மேனேஜர் லைனுக்கு வர்றீங்களான்னு கேக்குறாங்க. ரெண்டுல ஒண்ணுதான்."

"உங்களுக்கு எது தோணுது?"

"ஸ்பெஷலிஸ்டா இருந்தா, குளிர் வேலை வர்ற வரைக்கும்தான் மரியாதை. வரலன்னா என்னையும் ஒரு கிடங்குல போட்டு மூடிருவாங்க. மேனேஜர் லைனுக்குப் போனா சின்னப் பசங்களோட போட்டி போட்டு ஓடணும். மேல ஏறலன்னா வாசலக் காட்டிருவாங்க. மக இப்பத்தான் பிளஸ் ஒன் சேந்திருக்கா."

"ம்."

"ஒரே எடத்துல ஆழமாத் தோண்டுனாத்தான் தண்ணி வரும்னு மட்டும் சொல்லிராதீங்க. எச்.ஆர்ல அதப் படமாவே போட்டுக் காமிச்சுட்டாங்க."

"நான் காப்பி சொல்லலாம்னுதான் இருந்தேன்"னாங்க குரு.

காப்பி வந்துச்சு. தேவசகாயம் லேப்டாப்பத் தொறந்தாரு.

அந்தத் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. போற வழியிலயே விடைய எழுதிருவாங்க. அப்புறம் போயி அது சரியான்னு பாப்பாங்க. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஏன்னா அதுக்கப்புறம் யாரும் வேற எதையும் தேடறதில்ல.

அவங்க போனது ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முதலாளி. அண்ணன் சென்னியப்பன் விற்பனையப் பாத்தாரு. தம்பி குமரேசன் கிடங்கப் பாத்தாரு. கடைக்குப் போற ஐஸ்கிரீம் வழியில உருகி, மறுபடி உறைஞ்சு, நாக்குல மணல் மாதிரி நெருடுது. கடைக்காரங்க பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்புறாங்க. அதுக்குத்தான் இவங்களக் கூப்பிட்டிருந்தாங்க.

கேட்டுலயே தேவசகாயம் கோட்டப் போட்டுக்கிட்டாரு. ஈரோட்டு வெயில்ல அப்படி ஒருத்தர் உள்ள வர்றத வாட்ச்மேன் திரும்பித் திரும்பிப் பாத்தாரு.

கிடங்க ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கதவுச் சட்டத்துல பனி கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு. ரயில்ல எழுதுன விடை அப்படியே அங்க இருந்துச்சு.

"கதவு ரொம்ப நேரம் தொறந்து கெடக்குங்க. பிளாஸ்டிக் திரை தொங்க விடணும். தொறந்தா கத்தற மணி ஒண்ணு மாட்டணும்."

"ரெண்டும் போன வருசமே மாட்டுனோமுங்க"ன்னாரு குமரேசன். "மணி ஓயாமக் கத்துதுன்னு ஆளுக கழட்டி வெச்சுட்டாங்க."

"மறுபடி மாட்டிரலாமே."

"மாட்டலாமுங்க. அதுக்குச் சென்னையில இருந்து ஆளு வரணுங்களா?"

அவரு கிண்டலாக் கேக்கல. அதுதான் தேவசகாயத்துக்கு உறுத்துச்சு. குருவப் பாத்தாரு.

"லாரி கெளம்பற வரைக்கும் கதவுகிட்ட நில்லுங்க"ன்னாங்க குரு. "எதுவும் சொல்லாதீங்க."

"எதப் பாக்கணும் மேடம்?"

"கதவத் தவிர மத்ததெல்லாம்."

நின்னாரு. லோடு சூப்பர்வைசர் பெட்டிகள வெளிய எடுத்து அடுக்குனாரு. போன் வந்துச்சு. அண்ணன். கரூர் சரக்கு மொதல்லன்னாரு. பெட்டிங்க உள்ள போயி வேற பெட்டிங்க வெளிய வந்துச்சு. மறுபடி போன். இப்ப தம்பி. யாரக் கேட்டு மாத்துன, சேலம்தான் மொதல்லன்னாரு. வந்த பெட்டிங்க திரும்பவும் உள்ள போச்சு. அவ்வளவு நேரமும் கதவு ஆன்னு தொறந்தே கெடந்துச்சு.

முதலாளிங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல இருந்தாங்க. நடுவுல ஒரு பிளைவுட் தடுப்பு.

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களா?"ன்னு லோடு சூப்பர்வைசரக் கேட்டாரு தேவசகாயம். ஒண்ணும் சொல்லாதீங்கன்னுதானே குரு சொன்னாங்க, கேக்க வேணாம்னு சொல்லலையே.

"இல்லீங்க. பெரியவரு புள்ள கல்யாணப் பத்திரிகையில சின்னவரு பேரு, சம்பந்தி வூட்டு ஆளுகளுக்கெல்லாம் கீழ போயிருச்சு. அன்னைக்கு நின்ன பேச்சுங்க."

"எப்ப நடந்தது?"

"அந்தப் புள்ளையோட பையன் இப்ப ஓடியாடித் திரியறானுங்க."

தேவசகாயம் குருகிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னாரு. "கதவுல ஒரு கோளாறும் இல்ல மேடம். ஆனா இது என் சப்ஜெக்ட் இல்ல. குடும்பக் கம்பெனித் தகராறுக்குன்னு நம்ம ஆபீஸ்ல தனி டீமே இருக்கே."

"இருக்கு. அவங்க தேதி குடுக்கறதுக்குள்ள அந்தப் பையனுக்கே கல்யாணப் பத்திரிகை அடிச்சிருவாங்க."

"அப்ப யாரு பண்றது?"

குரு போன எடுத்து ஏதோ படிக்க ஆரம்பிச்சாங்க.

தேவசகாயம் நேரா அண்ணன் ரூமுக்குப் போனாரு. "கோளாறக் கண்டுபிடிச்சாச்சுங்க. கிடங்குக்கு உள்ள நின்னாத்தான் தெரியும். வாங்க." தம்பி ரூமுக்கும் போயி அதையே சொன்னாரு. குளிர் தெரிஞ்ச மனுசன் கூப்பிடறாரேன்னு ரெண்டு பேரும் வந்தாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்ததும் திரும்பிப் போகவும் முடியல. லோடு ஆளுகெல்லாம் பாத்துக்கிட்டிருந்தாங்க.

ஆணியில கம்பெனிக் கோட்டு ஒண்ணுதான் தொங்குச்சு. அத அண்ணன் போட்டுக்கிட்டாரு. தேவசகாயம் தன்னோட நீலக் கோட்டக் கழட்டித் தம்பிக்கு மாட்டி விட்டாரு. அரைக்கைச் சட்டையோட அவரும் உள்ள போயிக் கதவச் சாத்துனாரு. உள்ள மைனஸ் பதினெட்டு.

"எங்கீங்க கோளாறு?"ன்னாரு அண்ணன்.

"வெளியில தனித்தனியா இருந்துச்சு. இப்ப ரெண்டும் ஒண்ணா உள்ள வந்திருச்சுங்க."

ரெண்டு பேரும் கதவத் திரும்பிப் பாத்தாங்க.

"தொறக்கற குமிழ் அந்தா இருக்கு. யாரு தள்ளுனாலும் தொறந்துக்கும். உங்களுக்குக் கோட்டு இருக்கு, ஒண்ணும் ஆகாது. எனக்கு இல்ல. நான் எவ்வளவு நேரம் தாங்குவேன்னு எனக்குத் தெரியும். லாரி மொதல்ல எந்த ஊருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் வெளிய போயிரலாம்."

அண்ணன் பெட்டியப் பாத்தாரு. தம்பி கூரையப் பாத்தாரு. தேவசகாயத்தோட பல்லு கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சுது.

"டேய், இந்தாளு வெறைச்சுப் போயிருவாருடா"ன்னாரு அண்ணன்.

"அப்பச் சொல்லேன், எந்த ஊருன்னு."

"கரூருதான். அங்க பூரா பஸ் ஸ்டாண்டுக் கடை. சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னாடி போனாத்தான் விக்கும்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குச் சேலம்ங்கறேன்?"

"நீ போன எடுத்தாத்தானே?"

"நீ பத்திரிகையில எம் பேர..."

"அட, அத வெளிய போயிப் பேசலாம் வாடா."

குமிழத் தள்ளுனது தம்பிதான்.

அதுக்கப்புறம் அண்ணன் ரூம்ல பெருஞ்சண்டை. கரூர் லாரி ஒரே தடவையில லோடாகிக் கெளம்பிருச்சு. கிடங்குக் கதவு சாத்தியே இருந்துச்சு. "ரெண்டு பேரும் சண்ட போடறாங்க"ன்னு லோடு சூப்பர்வைசர் எல்லார்கிட்டயும் சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சாயங்காலம் அண்ணனே வந்து, இனி தினமும் லோடுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கதவுகிட்ட நின்னு முடிவு பண்ணிக்கறோம்னு சொன்னாரு. வெளிப்பக்கமா நின்னுன்னு சேத்துச் சொன்னாரு தம்பி. கோட்ட மடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு.

ஈரோடு ஸ்டேஷன்ல தேவசகாயம் ரெண்டாவது டீயக் கையில பிடிச்சுச் சூடு ஏத்திக்கிட்டிருந்தாரு.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். எந்த லைன்?"

"கூப்பிட்டதும் ரெண்டு பேரும் எதுக்கு உள்ள வந்தாங்க?"

"எனக்குக் குளிர் தெரியும்னு."

"உள்ள போயிக் குளிரப் பத்தி என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

தேவசகாயம் டீயக் குடிச்சு முடிச்சாரு. போன எடுத்து எச்.ஆருக்குப் போட்டாரு. "மேனேஜர் லைன்னு போட்டுக்கங்கம்மா." அந்தப் பொண்ணு நல்லா யோசிச்சீங்களா சார்னு கேட்டிருக்கணும். "யோசிக்கல, நின்னு பாத்துட்டேன்"னாரு.

ரயில் வர்ற அறிவிப்பு கேட்டுச்சு.

"அடுத்த வாரம் மதுரையில ஒரு நகைக்கடை"ன்னாங்க குரு. "வர்றீங்களா?"

"வர்றேன் மேடம்." மடியில இருந்த கோட்டப் பாத்தாரு. "அங்க குளிர் கிடங்கெல்லாம் இருக்காது. இத வீட்டுலயே வெச்சிரவா?"

"கொண்டு வாங்க"ன்னாங்க குரு. "போட்டுக்கிட்டு வராதீங்க."