போய்வந்ததில் பாதி

“நாளைக்கு ஒருத்தன் வேலைநீக்க உத்தரவுல கையெழுத்துப் போடப்போறேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன். என் ஆபீஸ் கடிகாரம் சரிதானம்மா?”

எபனேசர் இதைக் கேட்டது தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளிடம்.

அவர் செல்போன் கம்பெனியின் மாவட்டத் தலைமைப் பொறியாளர். குழல்வாய்மொழி, மலை உச்சி நிலையத்தில், அவர் ஆபீஸ் கடிகாரத்துக்கு நேரம் அனுப்பும் மூலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவள். நேரத்தில் சந்தேகம் வந்தால் பெரிய தலைகளெல்லாம் ஜீப் பிடித்து அவளிடம்தான் வந்து நிற்கும். அவளோ எண்ணி எண்ணித்தான் பேசுவாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே எரிச்சல்.

“யாரு சார் அவரு?”

“சுடலைமணி. பனங்காட்டு டவரைப் பாத்துக்கிடுதவன். அங்கேருந்து அடுத்த டவருக்குப் போனா பேச்சு அறுந்துபோகுதுன்னு ஆறு மாசமா புகார். சோதிச்சுப் பாத்தா, அவன் டவர் கடிகாரம் என்னோடதுக்கு ஒத்துவரலை. மயிரிழைதான், ஆனா அது போதுமே. கேட்டா, ‘என் கடிகாரம் சாட்டிலைட்டப் பாத்து ஓடுது, தப்பு உங்களோடது’ன்னு சொல்லுதான். என்ன திமிர் பாருங்க!”

“உங்களோடது?”

“கேபிள் வழியா நீங்க அனுப்புற நேரப் பாக்கெட்டைப் பாத்து ஓடுது. வழியில ஆகுற தாமதத்தையும் கழிச்சிடுது. உங்க பாக்கெட் கீழ வருது, என் பாக்கெட் மேல போகுது. ரெண்டுக்கும் சேத்து ஆன நேரத்துல பாதிதான் ஒரு வழித் தாமதம். பிழை பூஜ்யம்னு திரையில காட்டுது. ஒரு நாள்கூட மாறலை.”

அவள் ஜன்னல் வழியே படிக்கட்டைக் காட்டினாள்.

“அடிவாரத்துக் கடையில ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டு வாங்க சார். கிளம்பும்போதும் வந்த பிறகும் மட்டும் வாட்சைப் பாருங்க.”

தலைமைப் பொறியாளரை பிஸ்கட் வாங்க அனுப்புகிறாள்! எபனேசருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார்.

இருநூற்று நாற்பது படி. இறங்கியதே தெரியவில்லை. ஏறி வருவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

“எவ்வளவு சார்?”

“பதினெட்டு நிமிஷம்.”

“கடைக்குப் போய்ச்சேர?”

“ஒம்பது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

அவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினாள்.

“இறங்க நாலு நிமிஷம்கூட ஆகலை,” என்றார் மெல்ல. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரிம்மா, மனுஷன் ஏறுதான், இறங்குதான். கேபிளுக்கு ஏது மேடு பள்ளம்? போற தூரம்தானே வர்ற தூரம்!”

“அப்படியா சார்?”

எபனேசர் பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“ரோடு வேலையில... உங்க பக்கம் வர்ற கேபிள் மட்டும் அறுந்துச்சு. கடலோரமா சுத்துவழியில மாத்தி விட்டாச்சு.”

“யாரு மாத்துனது?”

“நான்தான்.”

“எப்போ?”

“அது ஆச்சு, ஒரு ஆறு மாச...”

குப்பென்று வியர்த்துவிட்டது. பிஸ்கட் தரையில் விழுந்தது. சுடலைமணி சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து இன்றோடு நாற்பது நாள். விசாரணையில் அவனை எல்லார் முன்னாலும் பொய்யன் என்று சொன்னது இதே வாய்.

“இல்லை... இருக்காது,” என்று எழுந்தே விட்டார். குரல் உடைந்து கத்தலாக வந்தது. “மாவட்டத்துல மிச்சம் இருபத்தேழு டவர் இருக்கும்மா! அத்தனையும் என் கடிகாரத்தோட அச்சு பிசகாம ஒத்துப்போகுது. இருபத்தேழும் சேந்து பொய் சொல்லுமா?”

குழல்வாய்மொழி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த இருபத்தேழுக்கும் நேரம் கொடுக்கிறது எந்தக் கடிகாரம் சார்?”