ரெண்டாவது ஊசி

மாசிலாமணி பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மலை மேல இருக்கிற ஆசிரமத்துல சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. சாமி அவரைவிட நாலு வயசு சின்னவரு. ஆனாலும் தினமும் விடியக்காலையில சாமி அறை வாசல்ல மொத ஆளா நிக்கிறது மாசிலாமணிதான்.

ஒருநாள் கேட்டாரு. "சாமி, உங்கள ஒரு நாள் பாக்கலன்னாலும் மனசு கெடந்து தவிக்குது. இது பக்திதானே?"

"கொட்டகையில அல்பாக்காவுக்கு ஒடம்பெல்லாம் சொறி. அத நீங்க பாத்துக்குங்க, கண்டக்டரே."

அல்பாக்கான்னா ஒட்டகத்தோட மூஞ்சி, செம்மறியாட்டோட ரோமம். இழுத்து மூடின டூரிஸ்ட் பார்க்குலேருந்து யாரோ கொண்டுவந்து விட்டுட்டுப் போனது. கேட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு மாசிலாமணிக்குப் புரியல. போனாரு.

காலெல்லாம் ரோமம் கொட்டி, தோல் பொருக்குத் தட்டிக் கெடந்துச்சு. சொறிஞ்சு விட்டாரு. அது கண்ண மூடி அவர் மேல சாஞ்சுக்கிட்டு உதட்ட முணுமுணுன்னு அசைச்சுது. ஜபம் பண்ணுதுன்னே நெனச்சுட்டாரு. மறுநாள்லேருந்து அவரோட தலையப் பாத்தாலே ஓடி வந்துச்சு. முப்பது வருஷ சர்வீஸ்ல அவரப் பாத்து ஓடி வந்தவங்கெல்லாம் பஸ்ஸப் புடிக்கத்தான் ஓடி வந்தாங்க.

மாட்டு டாக்டர் வந்து பாத்தாரு.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள குடியிருக்கு. விட்டா உசுருக்கே ஆபத்து. வெறுங்கையால தொட்டுடாதீங்க."

மாசிலாமணி கைய முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாரு.

டாக்டர் ஊசி போட்டாரு. "இதுல பூச்சி சாகும், முட்டை சாகாது. பதினாலு நாள் கழிச்சு ஃபோன் பண்ணுங்க. இன்னொண்ணு போடணும்."

பத்து நாள்ல பொருக்கு உதிர ஆரம்பிச்சுது. அல்பாக்கா கிட்ட வர்றதும் கொறஞ்சுது.

பதினாலாம் நாள் மாசிலாமணி ஃபோன எடுத்தாரு. வச்சுட்டாரு.

இருபத்தஞ்சாம் நாள் மறுபடியும் பொருக்கு. மறுபடியும் ஓடி வந்துச்சு. தனக்கு வந்தது சந்தோஷமா பயமான்னு அவருக்கே தெரியல. சாமிகிட்ட போனாரு.

"ரெண்டாவது ஊசி?"

"போடல, சாமி."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

சாமி தன்னோட ஃபோன எடுத்து நீட்டினாரு.

இந்தத் தடவ நாள் தவறாம ஊசி போட்டாங்க. கொட்டகையில கெடந்த பழைய வைக்கோல எரிச்சாங்க. அது ஒரசிக்கிற தூணக்கூடக் கழுவினாங்க. ரெண்டு மாசத்துல புது ரோமம் மொளச்சிடுச்சு. மாசிலாமணி போய் நின்னா, தலையத் தூக்கி ஒரு பார்வ பாக்கும். அப்புறம் புல்லு மேயப் போயிடும்.

"சாமி, அது இப்ப என் பக்கமே வர்றதில்ல."

"கொணமாயிடுச்சு."

"அப்ப என்மேல வச்சிருந்த பாசம்?"

"அதுவுந்தான்."

மறுநாள் விடியக்காலையில மாசிலாமணி சாமி அறை வரைக்கும் வந்தாரு. உள்ள போறதா, திரும்பிப் போறதான்னு வெளங்காம வாசல்லயே நின்னாரு.

உள்ளேருந்து குரல் வந்துச்சு.

"யாரு, கண்டக்டரா? இன்னைக்கி சொறிஞ்சு விடவா, ஊசி போடவா?"