பத்தாவது கையெழுத்து

இந்தக் கதையைக் கேட்கிறவர்களுக்குப் பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் இங்கே வழக்கு.

கொடுவாமலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள் ஜெபசெல்வி. பாம்பு கடித்து வருகிறவர்களுக்கு விஷமுறிவு மருந்தை ஏற்றிக் கீழே அனுப்புவாள். மருந்து வேலை செய்வதற்குள் சிலருக்கு மூச்சு நின்றுவிடும். தொண்டைக்குள் குழாய் இறக்கிக் காற்றுக் கொடுத்தால் பிழைப்பார்கள். அதைச் செய்ய அங்கே டாக்டர் இல்லை. அவளுக்கோ அந்தப் படிப்பு இல்லை. ஜீப் மலையிறங்க இரண்டு மணி நேரம் ஆகும். அப்படி நான்கு பேரைப் பறிகொடுத்த பிறகு, முப்பத்து மூன்று வயதில், தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான இரண்டு வருட மேற்படிப்புக்காகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். வழியனுப்ப வந்த கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள், “சீக்கிரம் வந்துரு தாயி, நாங்க யார நம்பி இருக்கது?” என்றாள்.

அந்தப் படிப்பு முடிய ஒரு பயிற்சி ஏடு நிரம்ப வேண்டும். அதன் முதல் பக்கத்திலேயே விதி இருக்கிறது: மாணவி தன் கையால், பொறுப்பாசிரியர் கண்ணெதிரே, பத்துப் பேருக்குத் தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பொம்மைக்கு நூறு தடவை இறக்கினாலும் கணக்கில் சேராது.

ஜெபாவின் பொறுப்பாசிரியர் எஸ்தர் மேடம். வார்டே நடுங்கும் குரல், இரக்கப்பட்டால் வரம்பில்லாத மனசு. ஒன்பதில் நின்றுபோன பிள்ளைகளுக்குக் கடைசி வரியை அவரே நிரப்பிவிடுவார். மாணவிகள் அதற்குக் ‘கருணைக் கையெழுத்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில், சேர்த்து வைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் குடியிருப்பிலேயே சும்மா இருக்கப் போனார். அதற்கு முந்தைய நாள் ஜெபாவின் ஏட்டிலும் கருணை காட்டிவிட்டார்.

ஜெபா ஏட்டைப் பார்த்தாள். பத்தாவது வரியிலிருந்த நோயாளிக்குக் குழாய் இறக்கியது மயக்க டாக்டர்; அவள் பக்கத்தில் நின்றதோடு சரி. சிவப்பு மையால் வரியை அடித்து, ‘நான் செய்யவில்லை’ என்று எழுதி, மேடத்திடமே கொண்டுபோனாள்.

“ஒனக்கென்ன கிறுக்காட்டி? ஒம்பது தெரிஞ்ச கைக்குப் பத்து தெரியாதா? அங்க சனம் சாவுது, நீ இங்க நியாயம் பேசிக்கிட்டு நிக்க!”

“அங்க என் கை தப்பினா, பக்கத்துல நின்னு வாங்கிச் செய்ய ஆள் கிடையாது மேடம். பொய்ய வச்சிக்கிட்டு என்னால தனியா நிக்க முடியாது.”

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

ஏழு வாரம் அவசரப் பிரிவிலேயே கிடந்தாள் ஜெபா. வந்த ஒன்றிரண்டு பேருக்கும் டாக்டர்கள் முந்திக்கொண்டார்கள். யாருக்காவது மூச்சு நிற்க வேண்டும் என்று காத்திருப்பதைவிடக் கேவலம் வேறு உண்டா? ஜெபத்துக்கு முழங்காலிட்டால் ஆண்டவரிடம் எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், மேடம் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

எட்டாவது வாரம் ஒரு மத்தியானம் கொடுவாமலை ஜீப் வந்து நின்றது. உள்ளே பேச்சியம்மாள். தேயிலைச் செடிக்கடியில் நாகம் தீண்டியிருந்தது. மருந்து ஏறியிருந்தது, இதயமும் துடித்தது. மூச்சு மட்டும் பாதி மலையிலேயே தேயத் தொடங்கி, வந்து சேரும்போது நின்றிருந்தது. டாக்டர் முகமூடி வைத்துக் காற்றடிக்க, மேடத்துக்கு ஆள் ஓடியது. விடுப்பில் இருந்தாலும் ஓய்வுநாள் வரை அவர் கையெழுத்து செல்லும். செருப்பில்லாமல் ஓடிவந்து ஜெபாவின் பக்கத்தில் நின்றார்.

முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியது. அவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் செய்ததில்லை. ஆனால் மூளை போதிய காற்றில்லாமல் வெகுநேரம் கிடந்துவிட்டது. மூன்றாம் நாள் பேச்சியம்மாள் செத்துப்போனாள். ஏடு நிரம்பிவிட்டது.

பேச்சியம்மாளின் புருஷன் மாடசாமி, “நீ மேல இருந்திருந்தா பொழச்சிருப்பாள்லா தாயி?” என்று கேட்டார். குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சனம் பிழைக்கட்டும் என்று பொய்க் கையெழுத்துப் போட்டவர் மேடம்; பொய் வேண்டாம் என்று அதை அடித்தவள் ஜெபா. இருவரில் யார் செய்தது சரி?

விடை: மேடம் போட்டது தவறு. ஜெபா அடித்தது சரி, அதோடு நின்றது தவறு. ‘ஆசிரியர் கண்ணெதிரே’ என்றுதான் விதி சொன்னது. எந்த ஆஸ்பத்திரியில் என்று சொல்லவில்லை. மேடத்துக்கு மூன்று மாதம் சும்மா கிடந்தது, கையெழுத்தும் செல்லுபடியானது. மலையில் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்று இவள் சொன்னபோது ‘நான் அங்க வாரேன்’ என்று அவர் சொல்லவில்லை. ‘நீங்க வாங்க மேடம்’ என்று இவளும் கேட்கவில்லை. இருவரும் மலையில் இருந்திருந்தால் பத்தாவது குழாய் அங்கேயே, நேரத்தோடு இறங்கியிருக்கும். இந்த விடையை முதலில் கண்டுபிடித்தவளும் ஜெபாதான், மாடசாமியின் கேள்விக்குப் பதில் தேடித்தேடி. இன்று அவள் கொடுவாமலையில் சான்றிதழோடு வேலை பார்க்கிறாள். மாடசாமியின் வீடு ஆஸ்பத்திரிக்கு எதிரேதான். தினமும் பார்க்கிறாள், பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.