சண்டிகேசுவரரிடம் காட்டிய கை

இதை எனக்கு முதலில் சொன்னது மங்கையர்க்கரசி அக்கா. போன திருவாதிரைக்குக் களி கொடுக்க வந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்காவின் வீட்டுக்காரர் வேதரத்தினம் ஐயா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மீனலோசனி அம்மாவிடம் தேவாரம் படிக்கிறார். குரு வயதில் இளையவர். அதனால் அவர் இவரை ஐயா என்பார், இவர் அவரை அம்மா என்பார்.

தேவாரக் குழுவைக் கூட்டிக்கொண்டு நேபாளம் போக ஐயா திட்டம் போட்டார். காலையில் பசுபதிநாதர், மதியம் பக்தபூர் அரண்மனை, மறுநாள் கோர்க்கா மலைக்கோட்டை, அப்புறம் பொக்காரா, முக்திநாத். எங்கே இறங்கினாலும் பார்த்த கையோடு வண்டி ஏறிவிட வேண்டும்.

அக்காவுக்கு முழங்கால் வலி. நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். அவரை மகள் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஐயா முடிவு செய்திருந்தார். பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசைப்பட்டவரோ அக்காதான்.

ஐயா திட்டத்தைக் குருவிடம் விளக்கினார்.

"எதுவும் விட்டுப்போகக் கூடாதும்மா. இவ வந்தா பாதிதான் பார்க்க முடியும். நான் செய்றது சரிதானே?"

குரு சாயங்காலம் இரண்டு பேரையும் சிவன் கோயிலுக்கு வரச் சொன்னார். அக்கா மெதுவாக நடந்துபோய், சண்டிகேசுவரர் சந்நிதிக்கு எதிரே மதில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க ஐயா, உங்க திட்டப்படி ஒரு சுற்று போயிட்டு வருவோம்," என்றார் குரு.

பிள்ளையாரிடம் ஐயா தலையில் குட்டிக்கொள்ளக் கையை மடக்கினார்.

"வண்டி கிளம்பிடுச்சுங்க ஐயா."

சுவாமி சந்நிதியில் திரை விலகப் போகிற நேரம். அங்கேயும் வண்டி கிளம்பிவிட்டது. அம்பாளிடம் இவர் கையை நீட்டுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிட்டது. குங்குமத்தோடு நின்ற குருக்கள், ரயிலைப் பிடிக்கணுமா என்று கேட்டாராம். தட்சிணாமூர்த்தி எதிரே ஐயா கண்ணை மூடினார்.

"போட்டோ எடுத்தாச்சுல்ல, வாங்க."

கடைசியில் சண்டிகேசுவரர். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று அவரிடம் இரண்டு கையையும் காட்டிவிட்டுத்தானே வருவோம். ஐயாவும் மூச்சு வாங்க, பழக்கத்தில் கையை விரித்துக் காட்டினார். அதில் விபூதிகூட இல்லை.

குரு அந்தக் கையைப் பார்த்தார்.

"இன்னைக்கு அவர் உங்களை நம்பிடுவார், ஐயா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

ஐயா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, கோர்க்காவில் படி நிறையவாம், நாம இரண்டு பேரும் கீழேயே உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம் என்றார்.

சித்திரையில் கிளம்புகிறார்கள். நீங்கள் கோயிலுக்குப் போனால், அக்காவின் முழங்காலுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.