பூஜ்யத்துக்குத் திருப்பிய ஆறு குமிழ்கள்

“என் பையனோட சத்தத்தை நானே அழிச்சுட்டேன். திரும்ப எடுத்துத் தர முடியுமா?”

வாசலில் நின்றபடியே கேட்டார் வைத்தியலிங்கம். ஒரு கையில் எலெக்ட்ரிக் கிட்டார், இன்னொரு கையில் அதன் சத்தத்தை வெளியே விடும் சின்ன ஆம்ப் பெட்டி. வயது அறுபத்தொன்று. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

ரெஜினாவுக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. பொன்மலையில் இரண்டு அறை எடுத்துக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வாசிப்பவள். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார். பையன் எங்க?”

“ஏழு மாசமாச்சு. பைபாஸ்ல லாரி.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நடந்தது இதுதான்.

வைத்தியலிங்கம் முப்பத்திரண்டு வருஷம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் உதவியாளராக இருந்தவர். அந்த லேபில் ஒரு சட்டம் உண்டு. கரண்டை அணைப்பதற்கு முன் எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால், அடுத்து வந்து சுவிட்சைப் போடுகிறவன் பாடு திண்டாட்டம். எத்தனையோ மாணவர்களைக் கத்திக் கத்தி அதற்குப் பழக்கியவர் அவர்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருடைய பழக்கம் சுடுகாட்டிலிருந்து கூடவே வீட்டுக்கும் திரும்பி வந்தது. காரியம் முடிந்த மறுநாள் மகன் பரிதியின் அறையைத் துடைக்கப் போனார். ஆம்ப்பின் முகப்பில் சத்தத்தின் குணத்தை மாற்றும் ஆறு குமிழ்கள், எது எங்கே நின்றது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்தும் வைத்துவிட்டார்.

அவர் மனைவி அமிர்தம் நிலைப்படியில் நின்று பார்த்தாள். “அதையும் அணைச்சுட்டீங்களா?” என்றாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வரும்.

“போன்ல ரெக்கார்டிங் ஏதாவது?” என்று கேட்டாள் ரெஜினா.

“போனும் அவனோடயே நசுங்கிப் போச்சு. வெளியாள் முன்னாடி வாசிக்கவே மாட்டான், கூச்சம். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். கேட்டா சொல்லிடுவேன், இதுதான்னு. அவங்க அம்மாவுக்கு அதை ஒரு தடவை கேக்க வைக்கணும். ஒரே ஒரு தடவை.”

“சரி. மொதல்ல நீங்க வாசிக்கக் கத்துக்குங்க.”

“நானா? எதுக்கு?”

“பின்ன, அந்த ஆறு நாப்பைத் திருப்பினா அதுவா வாசிக்குமா?”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். பரிதி எப்போதும் வாசிப்பது ஒரே ஒரு சின்ன மெட்டு. அதை இவர் முணுமுணுத்துக் காட்ட, அவள் இவர் விரலைப் பிடித்துக் கம்பியில் வைத்தாள். விரல் நுனி கொப்பளித்தது, உடைந்தது, தோல் தடித்தது. மூன்று மாதத்தில் மெட்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் குமிழ்களைத் தொடவிட்டாள்.

“எல்லாத்தையும் பன்னெண்டு மணிக்கு வைங்க. கடிகார முள்ளு மாதிரி நேரா மேல பாக்கணும். கெயினை மட்டும் ஒன்பது மணிக்கு இறக்குங்க, அது ஏறினா சத்தம் கரகரன்னு ஆயிடும். புதுசா ஆம்ப் வாங்கற எல்லாரும் இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். ஒண்ணைத் திருப்பும்போது இன்னொண்ணைத் தொடாதீங்க.”

மெட்டை வாசித்தார். முகத்தைச் சுளித்தார்.

“இது இல்ல.”

“என்ன குறை?”

“காதைக் குத்துது. அவனோடது இப்படி இருக்காது.”

லேப் ஆள் அல்லவா, நோட்டுப் போட்டார். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, ஆறு குமிழுக்கும் ஆறு பத்தி. ஒவ்வொரு குமிழிலும் பத்து நிலை என்றால் மொத்தம் பத்து லட்சம் சேர்க்கை.

“ஆயுசு பத்தாது டீச்சர்.”

“பத்தாதுதான்,” என்றாள் அவள்.

மழைக்காலம் வந்தது, போனது. வாரத்துக்கு வாரம் டிரெபிள் இறங்கிக்கொண்டே வந்தது. சத்தத்துக்குக் கூர்மை தருவது அந்தக் குமிழ்தான். ஒரு நாள் நெருங்கிவிட்டோம் என்று நம்பிக்கை வந்து, வீட்டுக் கூடத்தில் ஆம்ப்பை வைத்து அமிர்தத்துக்கு வாசித்துக் காட்டினார். அவள் சமையலறை வாசலுக்கு வந்து நின்று கடைசிவரை கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை இவர் வாசித்து முடித்ததும் ரெஜினா எழுந்து வந்து ஆம்ப்பைக் குனிந்து பார்த்தாள். டிரெபிள் பூஜ்யம். நடுச் சத்தத்துக்கான மிட்டும் பூஜ்யம். அடிக்கனம் தரும் பேஸ் மட்டும் பத்தில் நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது சத்தம்.

“இப்படி வச்சு யாரும் வாசிக்க மாட்டாங்க சார்.”

“என் பையன் வாசிச்சான்.”

“எவனும் தன் சத்தத்தைத் தானே இப்படி அமுக்கிக்க மாட்டான்.”

“எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் கேட்டிருக்கேன்!” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கிட்டத்தட்ட வந்துடுச்சு டீச்சர். இன்னும் கொஞ்சம் தூரத்துல கேக்கணும், அவ்வளவுதான். அந்தத் தூரம்தான் எந்த நாப்புலயும் கிடைக்க மாட்டேங்குது.”

ரெஜினா ஆம்ப்பை விட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க எங்கேருந்து கேட்டீங்க?”

“வீட்லேருந்துதான்.”

“வீட்ல எங்க?”

“கூடத்துல. டிவி முன்னாடி, என் சேர்ல.”

“தம்பி?”

“அவன் ரூம்ல.”

“கதவு?”

அவர் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போனது.

ஆம்ப் வாங்கி வந்த அன்று பரிதி அதைக் கூடத்தில்தான் வைத்தான். “அப்பா, ஒண்ணு வாசிக்கறேன், கேளுங்க,” என்றான். “உள்ள எடுத்துட்டுப் போய்க் கதவைச் சாத்திக்க. இந்த இரைச்சல் என் காதுல விழக் கூடாது,” என்றார் இவர். பையன் மறுபேச்சுப் பேசவில்லை. அமிர்தம் மட்டும் காபி கொண்டுபோகிற சாக்கில் உள்ளே போய், தம்ளர் காலியாகும்வரை இருந்துவிட்டு வருவாள். கதவை மீறிச் சத்தம் வந்தால் இவர் எழுந்து போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே நின்றுவிடும். நல்ல பிள்ளை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட மூன்றாவது தட்டுக்கு வேலை வைத்ததில்லை.

இதில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோட்டை மூடினார்.

ரெஜினா அவர் மடியிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டாள். ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் குமிழையும் பன்னிரண்டு மணிக்கு வைத்தாள். கெயினை ஒன்பதுக்கு இறக்கினாள். முதலில் சொல்லிக்கொடுத்த அதே வைப்பு, காதைக் குத்துகிறது என்று அவர் தள்ளியது.

பிறகு கதவைச் சாத்தினாள்.

மெட்டு வந்தது.

அதேதான். அதே மங்கல், அதே தூரம். ஒரு இம்மி பிசகவில்லை. அவன் உள்ளேதான் இருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவான் என்பதுபோல் இருந்தது. வைத்தியலிங்கம் துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதார். மகன் போன அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.

அழுதுகொண்டே எழுந்து கதவருகே போனார். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

விரல் முட்டியால் இரண்டு தட்டு.

சத்தம் நின்றுவிட்டது.

நிறுத்தாதே என்று சொல்ல நினைத்தார். தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

“தாழ் போடல சார்.”