விதிக்கு வழி சொன்ன வெள்ளெலி

"கர்ரக்… கர்ரக்…"

இருட்டிய பிறகு பனங்காட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஓலை உரசும் சத்தமில்லை. அன்று காற்றே இல்லை. வளைக்குள் படுத்திருந்த மருக்கொழுந்து என்னும் வெள்ளெலிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. கண் திறக்காத நான்கு குட்டிகளையும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என்னங்க! எழுந்திருங்க! வெளியே யாரோ நகத்தால தரையைச் சுரண்டுறாங்க!"

அவள் கணவன் பூவலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"நகமா? பைத்தியமே, அது விதியோட குரல்!"

"விதிக்கு நகம் உண்டா?"

"எங்க பரம்பரைச் சாபம் உனக்குத் தெரியாதா? எங்க தாத்தாவை உடும்பு தின்னுச்சு. எங்க அப்பாவை உடும்பு தின்னுச்சு. போன ஆடியில பழைய வளையில நம்ம ரெண்டு குட்டியையும் உடும்புதான் தின்னுச்சு. எல்லாம் தலையில எழுதினது!"

"உங்க தாத்தா கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவாரா?"

"சேச்சே! எங்க வம்சத்துலயே யாரும் போட்டதில்லை. கதவைத் தாழிட்டா வாசலுக்கு வர்ற லட்சுமி திரும்பிப் போயிடுவா!"

போன ஆடியில் வந்தது லட்சுமி இல்லை என்பது மருக்கொழுந்துக்கு நன்றாகத் தெரியும். பனைமட்டைக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சத்தம் ஓய்ந்தது. பூவலிங்கத்தின் குறட்டை ஓயவில்லை.

காலையில் வெளியே வந்து பார்த்தாள். ஆவாரஞ்செடிகளின் அடியில் நீள நீளமாய் நகக்கீறல்கள். உடும்பு ஒவ்வொரு செடியாகத் தேடியிருக்கிறது. புது வளை மட்டும் அதன் கண்ணில் படவில்லை.

"பாருங்க!" என்றாள்.

பூவலிங்கம் அந்தக் கீறல்களை மிதித்துக்கொண்டே குளக்கரைக்குப் போய்விட்டான்.

அங்கே ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. யாருக்கு என்ன கேடு வந்தாலும் ஏழும் சேர்ந்து ஒப்பாரி வைக்கும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

"அக்காமாரே! என் குட்டிகளுக்கு நாள் குறிச்சாச்சு!"

"ஐயோ! விதி! விதி!" என்று ஏழும் அலறின.

பூவலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. தன் துயரம் இத்தனை பெரியது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது!

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு மெல்லத் தலையைத் தூக்கியது.

"யாரு தம்பி அழுறது? வீடு எந்தப் பக்கம்? துக்கம் விசாரிக்க வரணுமில்லையா!"

"தெற்கே மூணாவது ஆவாரஞ்செடி, அண்ணாச்சி! சுத்தியும் செம்பாறை, தோண்ட முடியாது. பனைமட்டைக் கதவு ஒண்ணுதான் வழி. தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினாத் திறந்துக்கும்."

"அடடா, என்ன வெள்ளை மனசு! நான் வெறும் கருவி தம்பி. தின்னணும்னு எனக்கா ஆசை? என்னை இப்படிப் படைச்சுட்டான்!"

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லை அண்ணாச்சி!"

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னான். மருக்கொழுந்துக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாய் வந்தது.

"ராத்திரி முழுக்கத் தேடியும் விதிக்கு நம்ம வீடு கிடைக்கலை. நீங்க போய் அடையாளம் சொல்லிட்டு வந்தீங்களாக்கும்!"

"நான் சொல்லணும்னும் எழுதியிருக்கு!"

"அப்போ நான் தாழ்ப்பாள் போடணும்னும் எழுதியிருக்கும். தள்ளி நில்லுங்க!"

அவள் ஒரு கருவேலங்குச்சியைப் பல் வலிக்கக் கடித்து, கதவின் அளவுக்குக் குறைத்தாள். பூவலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"விதியை எதிர்க்கிற பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்!"

வெளியே போய் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். நல்ல கிளையாகப் பார்த்து இடம் பிடிக்க முன்கூட்டியே வந்திருந்த தவிட்டுக்குருவிகளுக்குத் தன் குலத்தின் சாபத்தை ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினான். தாத்தா கதையில் அவை விசும்பின. அப்பா கதையில் தேம்பின.

பொழுது சாய்ந்தது. மருக்கொழுந்து உள்ளே குச்சியைச் செருகித் தாழிட்டாள். உடும்பு வந்தது.

"தம்பி, துக்கத்துக்கு வந்திருக்கேன்."

"வாங்க அண்ணாச்சி! குட்டிங்க உள்ளே…"

"அவங்க இருக்கட்டும். எழுத்துப்படி பெரியவங்களில இருந்தே தொடங்குவோமே!"

சொல்லிக்கொண்டே அவன் வாலைக் கவ்வியது.

அப்போது பார்க்க வேண்டும் பூவலிங்கத்தை! உதைத்தான். கடித்தான். பின்னங்காலால் உடும்பின் கண்ணில் மண்ணை வாரி இறைத்தான். விதியின் பெயர் ஒருமுறைகூட அவன் வாயில் வரவில்லை. பாதி வால் அறுந்து உடும்பின் வாயிலேயே நின்றுவிட்டது.

"மருக்கொழுந்து! கதவைத் திற! சீக்கிரம் திற!"

அவள் குட்டிகளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். குச்சியை உருவி, ஓர் எலி நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். அவன் உள்ளே வந்து விழுந்தான். இருவரும் முதுகால் கதவைத் தள்ளி மூடினார்கள்.

வெளியிலிருந்து உடும்பு கண்ணைக் கசக்கிக்கொண்டே கூப்பிட்டது.

"தம்பி, விதிப்படி நடக்க வேண்டாமா?"

"எந்த விதி? யாரு சொன்னா? போய்யா அந்தப் பக்கம்!" என்று கத்தினான் பூவலிங்கம். "தாழ்ப்பாள் எங்கேடி? தாழ்ப்பாள்!"

"என்ன, யாருமே சாகலையா?" என்று சலித்துக்கொண்டு ஏழு குருவிகளும் வேறு வீடு தேடிப் பறந்தன.

மருக்கொழுந்து கருவேலங்குச்சியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். அந்த வம்சத்து ஆண் ஒருவன் முதன்முறையாகத் தன் கையால் கதவைத் தாழிட்டான்.

நம் கை போட வேண்டிய தாழ்ப்பாளை விதி வந்து போடாது. போடாமல் விட்டவன்தான் அதற்கு விதி என்று பெயர் வைக்கிறான்.