தூக்குவாளிச் சோறு

"நீங்க சொன்ன அளவுக்கு மேல ஒரு வாய் சாப்பிட்டதில்ல தாயே. ஆனாலும் மூணு கிலோ ஏறிப்போச்சு."

குணவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. நாற்காலி கொள்ளாத உடம்பு. சர்க்கரை நோயில் வலது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாயிற்று. எடையும் சர்க்கரையும் இறங்காவிட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மடத்தில் பத்தியம் சொல்லி வைத்தியம் பார்க்கும் துறவி நீலாயி, அவளைவிடப் பத்து வயது இளையவள். குணவதி நீட்டிய நோட்டைப் புரட்டினாள். காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை. இரவு ஒரு கேழ்வரகு ரொட்டி.

"பொய் எழுதுறேன்னு வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. என் வீட்டுக்காரரே நம்பல."

"நான் நம்புறேன்."

குணவதிக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்ல இத்தனை பெரிய ஊரில் ஓர் ஆள் இல்லை.

நீலாயி ஒரு காலித் தூக்குவாளியைக் கொடுத்தாள்.

"நோட்டுல எழுதாம வாயில போடுறது எதுவா இருந்தாலும், நாளைக்கு ஒரு நாள் இதுல போட்டுக் கொண்டு வாங்க."

"அப்படி ஒண்ணும் இல்லையே தாயே. பாத்திரம் ஒழிக்கிறப்ப மிச்சம் மீதியைப் போட்டுக்குவேன். அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

மறுநாள் சாயங்காலம் வாளியோடு வந்தாள். மகன் வைத்த முக்கால் தோசை, பேத்தி அளைந்த தயிர்சாதம், மருமகளுக்குப் பிடிக்காத உப்புமா, வடை, சட்டியின் அடிச்சோறு. மூடி மூடவில்லை. அவளுக்கே திக்கென்றிருந்தது.

"கொல்லையில இருக்கிற எருக்குழியில கொட்டிடுங்க."

குணவதி குழிவரைக்கும் போனாள். கொட்டக் கை வரவில்லை. ஒரு பிடி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். நீலாயி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு இது?"

குணவதி கையில் இருந்த சோற்றை வாளியிலேயே திரும்பப் போட்டாள்.

"என் தம்பிக்கு தாயே. செங்கோடன்னு பேரு. மழை பொய்ச்ச வருஷம். ஆறு வயசு அவனுக்கு. சோறு சோறுன்னு கேட்டுக்கிட்டே போயிட்டான். ஒரு பருக்கை வீணாப்போனாலும் அவன் முகம்தான் வந்து நிக்குது."

நீலாயி இலையை விரித்து, வாளியில் இருந்த அத்தனையையும் பரிமாறினாள். குணவதியை எதிரே உட்காரவைத்தாள்.

"கூப்பிடுங்க. வந்து சாப்பிடட்டும்."

குணவதி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை.

"செங்கோடா... வாடா. சோறு இருக்குடா."

நாற்பத்து மூன்று வருடமாக அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

யாரும் வரவில்லை.

ஈ மொய்த்தது. எறும்புகள் இலையில் ஏறின. அவள் கை இரண்டு முறை சோற்றுக்குப் போய், இரண்டு முறையும் மடிக்குத் திரும்பியது.

மடத்தில் விளக்கு ஏற்றினார்கள். குணவதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தம்பி செத்துட்டான் தாயே," என்றாள், இப்போதுதான் சேதி வந்தவளைப் போல.